ஏற்காட்டில் நடுங்காத கை: ஒரு டேப்லெட், ஒரு மாங்கா புட்டா

ஆனி மாதக் கடைசி வாரம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து டிசைனர் அண்ணா ஒருவர் மஞ்சப்பையோடு வந்து உட்கார்ந்தார். பைக்குள் இரண்டு பொருள். ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய கட்டத்தாள் ஒன்று. ஈரிழைத் துண்டில் சுற்றிய 10 அங்குல டேப்லெட் ஒன்று, அதற்கான பேனாவோடு. இரண்டிலும் ஒரே மாங்கா புட்டாவை, அதாவது சேலையில் நெய்கிற மாங்காய் வடிவப் பூவேலையை, வரைந்திருந்தார். தாளில் இருந்த மாங்காயின் வளைவு கத்தியால் சீவியதுபோல இருந்தது. டேப்லெட்டில் இருந்ததற்கோ விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியாக அலை, பல்லி வால் துடித்த மாதிரி.

டேப்லெட்டைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"தம்பி, எனக்குக் கை நடுக்கம் வந்துருச்சுங்களா? பாத்து உள்ளதச் சொல்லுங்க."

57 வயது. 35 வருடமாகப் பட்டுச்சேலைக்கும் வேட்டிக் கரைக்கும் கட்டத்தாளில் டிசைன் போடுகிறவர். அவருடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கியதாம். காபித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாராம். அந்த நினைப்பில் இவர் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை. மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த பொருள் அது. அதில் வரைய முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

நான் டேப்லெட்டில் படம் வரையக் கற்றுக்கொடுக்கிறவன், மருத்துவம் தெரியாது. ஆனால் நடுக்கத்தைப் பார்க்க நரம்பு மருத்துவர்கள் சுருள் வரையச் சொல்வார்கள் என்பது தெரியும். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். கையைத் தூக்காமல் ஒரே இழுப்பில் வரைந்தார். கொசுவர்த்திச் சுருள்போல இடைவெளி மாறாமல் வந்தது. என் மாணவர்களில் ஒருவருக்கும் அப்படி வராது. "கை நல்லாத்தான் இருக்குங்கண்ணா" என்றேன். அவர் நம்பவில்லை. தாளை நம்பினால் டேப்லெட் பொய் சொல்கிறது என்று ஆகும், மெஷின் ஏன் பொய் சொல்லப்போகிறது என்பது அவர் வாதம்.

அன்று தொடங்கி ஆவணி முடிகிற வரை, இரண்டு மாதத்துக்கு மேல், இதன் பின்னால் அலைந்தோம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். (எனக்கு அவர் அண்ணா, அவருடைய மகளுக்கு நான் அண்ணா. சேலத்தில் இந்தக் கணக்கை யாரும் சரிபார்ப்பதில்லை.)

கட்டமும் அட்டையும்

இவர் வேலை என்ன என்று தெரியாமல் பிரச்சினை புரியாது. ஜக்கார்டு தறியில் ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கே ஓடுகிற ஒவ்வொரு இழைக்கும், ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் அதற்கு நேரான கொக்கி தூக்கும், நெடுக்கே கட்டிய பாவு இழை மேலே எழும்பும், அடியில் சரிகை ஓடும். ஓட்டை இல்லையென்றால் இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. அந்த ஓட்டைகள் எங்கெங்கே விழவேண்டும் என்பதைக் கட்டத்தாளில் நிறம் பூசிக் காட்டுவதுதான் டிசைனரின் வேலை. ஒரு கட்டம் ஒரு கொக்கி, ஒரு வரிசை ஓர் அட்டை. தப்பாகப் பூசிய கட்டத்தை பிளேடால் சுரண்டி எடுத்து மேலே வெள்ளை வைப்பார்கள். ஒரு முந்தி டிசைனுக்கு இப்படி வாரக்கணக்கில் குனிந்து உட்காரவேண்டும்.

இன்று அட்டை அடிக்கிறவர்கள் தாளைக் கேட்பதில்லை, ஃபைலைக் கேட்கிறார்கள். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த இடங்களில் அட்டையே கிடையாது, ஃபைல் நேராகத் தறிக்குப் போகிறது. தாளில் போட்டுக் கொடுத்தால் யாரோ ஒருவர் அதை ஸ்கேன் செய்து, கட்டம் கட்டமாகத் திருத்தி, அதற்கொரு கூலி வாங்குகிறார். அந்தக் கூலி இவர் கணக்கில் கழிகிறது. மகள் டேப்லெட் வாங்கிக் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். சும்மா ஆசைக்கு வாங்கியது இல்லை.

இந்த ஊரில் இது புது விஷயமும் இல்லை. இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் 1960லிருந்து சேலத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் மௌஸில் போடுகிற மாங்காய்க்கும் இவர் கையில் போடுகிற மாங்காய்க்கும் உள்ள வித்தியாசம் சேலையைக் கட்டிக்கொண்டு நடக்கும்போது தெரியும். இது என் அபிப்பிராயம், மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

நான் செய்த தப்பு

முதல் இரண்டு வாரம் என்னால் வீணானது. கோடு ஆடுகிறது என்று யாராவது வந்தால் நான் வழக்கமாகப் பார்க்கிற மூன்று இடங்களைப் பார்த்தேன். பேனா முனை தேய்ந்திருக்கிறதா? இல்லை, புதுசு. கண்ணாடி வழுக்குகிறதா? ஆமாம், மேலே தடிமனான டெம்பர்டு கண்ணாடி வேறு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்துவிட்டு, தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும் மெல்லிய உறை ஒட்டினோம். எழுதும்போது சரசர என்று சத்தம் வந்ததும் அண்ணாவுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் அலை போகவில்லை.

மூன்றாவதாகத்தான் பெரிய தப்பைச் செய்தேன். வரைகிற செயலியில் கோட்டை நேர்படுத்தும் வசதி ஒன்று உண்டு, ஸ்டெபிலைசர் என்பார்கள். பேனா போன பாதையை அப்படியே எடுக்காமல், கடந்த சில புள்ளிகளைச் சராசரி செய்து, கொஞ்சம் பின்தங்கி, வழவழப்பாகக் கோடு போடும். அதைப் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டேன். அலை மறைந்தது. எனக்குத் திருப்தி. அண்ணாவுக்கு இல்லை.

"தம்பி, பேனா ஒரு பக்கம் போவுது, கோடு நாய்க்குட்டி மாதிரி பின்னால வருது. மூக்கு வளைவுல திரும்பறதுக்குள்ள அது குறுக்கால போயிருது."

மாங்காயின் மூக்கு அவருக்கு முக்கியம். மூக்கு எந்த இடத்தில் மடங்குகிறது என்பதை வைத்தே இது யார் போட்ட டிசைன் என்று அம்மாப்பேட்டையில் சொல்லிவிடுவார்களாம். ஸ்டெபிலைசர் அந்த மூக்கை மழுக்கிவிட்டது. காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் மாத்திரை கொடுத்து அனுப்பிய கதை.

மேலே போனபோது

ஆடியில் சேலம் குகைப் பகுதியில் மாரியம்மன் பண்டிகை. வண்டி வேடிக்கை பார்க்க வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர்கள் திரும்பும்போது அண்ணாவையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனார்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி மேலே போய் இரண்டு நாள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி சுற்றிய காப்பித் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொழுதுபோகாமல் டேப்லெட்டை எடுத்திருக்கிறார். கோடு ஆடவில்லை. நாலு மாங்காய் போட்டார். நாலும் தாளில் வந்த மாதிரியே வந்திருக்கின்றன.

கீழே வந்ததும் நேராக என்னிடம் வந்து விட்டார். சந்தோஷம் பாதி, கவலை பாதி.

"மேல குளுருக்குக் கை நிக்குது தம்பி. கீழ வந்தா மறுபடி நடுங்குது. இது நரம்புச் சூடுதானுங்களே?"

அந்த நாலு மாங்காயையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான், துளி அலை இல்லை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் என்ன மாறியது? உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடியது, குளிர் கூடியது. பேனாவோ திரையோ குளிரில் இவ்வளவு திருந்தாது. கடைசியில் ஓர் அற்பக் கேள்வி கேட்டேன்.

"மேல சார்ஜர் கொண்டு போனீங்களாண்ணா?"

"இல்லீங்களே. மறந்துட்டுப் போயிட்டேன். அதான் ரெண்டாம் நாள் மத்தியானத்தோட அணைஞ்சு போச்சு."

சுர்ர்

மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். முன்கட்டில் தறி, பக்கத்துச் சுவரில் ஒரே பிளக்கிலிருந்து கிளை பிரிந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதில் ஃபேன், டியூப் லைட், செல்போன், டேப்லெட். பிளக் பாயிண்டில் எர்த் கம்பி இல்லை. சார்ஜர், டேப்லெட்டோடு வந்தது இல்லை. அது எங்கோ தொலைந்துபோய், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாட்பாரத்தில் வாங்கிய ரெண்டு முள் சார்ஜர். அண்ணா வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டேப்லெட்டை மடிப்பலகையில் வைத்து, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே வரைவார். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒயரைக் கழற்றுவதே இல்லை.

ஸ்கேலை மூலைவிட்டமாக வைத்து, அதை ஒட்டி மெதுவாகக் கோடு இழுக்கச் சொன்னேன். இதுதான் டேப்லெட்டைச் சோதிக்கிற பழைய வழி. ஸ்கேல் இருப்பதால் கையைக் குற்றம் சொல்ல முடியாது. நாலு விதமாகச் செய்தோம். சார்ஜர் மாட்டி, வெறுங்காலோடு தரையில்: கோடு ரம்பப் பல். சார்ஜர் மாட்டி, மர நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து: அலை பாதிக்கு மேல் குறைந்தது. சார்ஜரைக் கழற்றி, மறுபடி தரையில்: அலை போயே போச்சு. பவர் பேங்கில் மாட்டி, தரையில்: அப்போதும் இல்லை.

அண்ணா ஸ்கேலை எடுத்து வைத்துவிட்டு வெறும் கையால் ஒரு கோடு இழுத்தார். இன்னொன்று இழுத்தார். பேசவில்லை.

உள்ளேயிருந்து அண்ணிதான் பேசினார். "தொடைக்கும்போது தொட்டா சுர்ருங்குதுன்னு அப்பவே சொன்னேன். பொம்பள பேச்ச யாரு கேக்கறாங்க."

அந்த ஒரு தகவலை முதல் நாளே யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் ரெண்டு வாரம் மிச்சம். நானும் கேட்கவில்லையே.

நடந்தது இதுதான். சார்ஜருக்குள் மின்சாரம் வருகிற பக்கத்துக்கும் வெளியே போகிற பக்கத்துக்கும் நடுவில், இரைச்சலை அடக்குவதற்காகச் சின்ன கெப்பாசிட்டர் ஒன்றை வைப்பார்கள். அதன் வழியாக மிகமிகக் கொஞ்சம் மின்சாரம் கசியும். ரெண்டு முள் சார்ஜரில் அதற்குப் பூமிக்குப் போக வழி இல்லை. தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து டேப்லெட்டின் உலோக முதுகைத் தொடுகிறவரின் உடம்பே வழியாகிவிடும். சுர்ர் என்பது அதுதான். நல்ல சார்ஜரில் இந்தக் கசிவு ஆபத்தில்லாத அளவுக்குள் இருக்கும். மட்டமானதில் உள்ளே இரைச்சலை வடிகட்டுகிற பாகங்களையும் மிச்சம் பிடித்திருப்பார்கள், காப்பும் மோசமாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. அந்தச் சார்ஜரை நான் ஒயரை வெட்டித்தான் குப்பையில் போட்டேன், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக்கூடாது என்று.

சரி, கசிவுக்கும் கோட்டுக்கும் என்ன தொடர்பு? இந்த டேப்லெட்டின் பேனாவுக்குள் பேட்டரி இருக்கிறது. முனையிலிருந்து மெல்லிய சைகையை அனுப்பும். விரல் தொடுவதை உணர்கிற அதே கம்பி வலைதான் திரைக்குள் இருந்து அந்தச் சைகையையும் பிடிக்கிறது. கம்பிகளுக்கு நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி. பேனா எந்தக் கம்பிக்கு எவ்வளவு பக்கம் என்று அளந்து, நடுவில் இருக்கிற இடத்தைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கும். சார்ஜரிலிருந்து வருகிற இரைச்சல் அந்த அளவில் கலந்தால் கணக்கு இப்படியும் அப்படியும் ஆடும். வேகமாக இழுத்தால் தெரியாது. மெதுவாக இழுத்தால் ஒவ்வொரு ஆட்டமும் கோட்டில் பதியும். டிசைனர் அண்ணா மாதிரி மெதுவாக இழுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. என் மாணவர்கள் யாராவது இதே சார்ஜரில் வரைந்திருந்தால் கவனித்தேகூட இருக்கமாட்டார்கள்.

வேறு வகைப் பேனாவும் உண்டு. ஜப்பானின் வாக்கம் நிறுவனம் வளர்த்த முறையில் பேனாவுக்குப் பேட்டரியே கிடையாது. திரைக்கு அடியில் தனிப் பலகை ஒன்று மின்காந்த அலையை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதிலேயே சக்தி எடுத்துக்கொண்டு பதில் அனுப்பும். சாம்சங் 2011ல் நோட் போனோடு கொடுத்த பேனா இந்த வகை. 2015ல் வந்த ஆப்பிள் பென்சில் உள்ளே பேட்டரி உள்ள வகை. எது வாங்கினாலும் மட்டமான சார்ஜர் தன் வேலையைக் காட்டாது என்று சொல்லமுடியாது.

மாங்காய் பீர்க்கங்காய் ஆனது

கோடு ஆடாமல் நின்றதும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அண்ணா ஒரே மூச்சில் மாங்கா புட்டாவை முடித்தார். மகள் அதை அட்டை அடிக்கிறவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அட்டை வந்தது. தெரிந்த ஒருவர் தறியில் ஏற்றி மாதிரிக்கு ரெண்டு புட்டா நெய்து கொடுத்தார்.

துணியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாவுக்கு வரவில்லை. மாங்காய் நீண்டு பீர்க்கங்காய் மாதிரி தொங்கியது. விளிம்பைச் சுற்றிலும் சம்பந்தமே இல்லாத இடத்தில் சரிகைப் புள்ளிகள், ஈ மொய்த்த மாதிரி.

நீண்டதற்குக் காரணம் அண்ணாவே சொல்லிவிட்டார், துணியைக் கையில் வாங்கிய நிமிடத்தில். அந்தத் தறியில் கொக்கிக் கணக்கில் அங்குலத்துக்கு 48, சரிகை ஊடை அங்குலத்துக்கு 36. அப்படியானால் துணியில் ஒரு கட்டம் சதுரம் இல்லை, அகலம் குறைந்து உயரம் கூடிய கட்டம். 2 அங்குல அகலம், 2 அங்குல உயரம் வேண்டுமென்றால் 96 கொக்கி, 72 அட்டை. கட்டத்தாள் இந்த விகிதத்துக்கு ஏற்பவே அச்சடித்து வரும், அதனால் 35 வருடமாக அவர் இதை நினைக்கவே வேண்டியிருக்கவில்லை. டேப்லெட்டின் புள்ளியோ சதுரம். நான் 96க்கு 96 என்று சதுரமாக ஃபைல் திறந்து கொடுத்திருந்தேன். 96 அட்டையாயிற்று. துணியில் 2 அங்குல அகலத்துக்கு 2⅔ அங்குல உயரம்.

"தாளு எனக்காக யோசிச்சுட்டு இருந்திருக்கு, நான் கவனிக்கல" என்றார்.

இதற்குச் செய்த ஏற்பாடு எளிது. மாங்காயை முதலில் எந்தக் கட்டமும் இல்லாமல் இஷ்டப்படி கையால் வரைவார். அந்தப் படத்தை 96க்கு 72 என்று அமுக்கி, மங்கலாக அடியில் ஒரு லேயரில் வைப்போம். மேலே புது லேயரில் கட்டம் கட்டமாக வைத்துப்போவார். அமுங்கிய மாங்காயைப் பார்த்துப் போடுவது கண்ணுக்கு உறுத்தும், அதனால் சரிபார்க்க ஒரு வழி. முடித்த ஃபைலின் நகலை எடுத்து, ஒவ்வொரு புள்ளியையும் குறுக்கே 3, நெடுக்கே 4 மடங்காக்குவது. 96க்கு 72 என்பது 288க்கு 288 ஆகிவிடும், துணியில் வரப்போகிற அதே வடிவம் திரையில் நிற்கும். பெரிதாக்கும்போது புள்ளிகளைக் கலக்காமல் அப்படியே பிரதி எடுக்கிற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செயலிகள் தானாகத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் மற்றதை.

ஈ மொய்த்ததற்கு இரண்டு காரணம். முதலாவது, வழக்கமான பிரஷ் எதுவும் விளிம்பைக் கறாராக வெட்டாது. சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இளஞ்சிவப்பாக ரெண்டு மூன்று புள்ளி வைத்து, கண்ணுக்கு வழவழப்பாகக் காட்டும். படத்துக்கு அது அழகு. அட்டைக்கு அது நாசம். அட்டையில் ஓட்டை இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம், பாதி ஓட்டை என்று ஒன்று கிடையாது. இரண்டாவது வாட்ஸ்அப். போட்டோவாக அனுப்பினால் அது படத்தை ஜேபெக் முறையில் அமுக்கிவிடும். 8க்கு 8 புள்ளிகளாகப் பிரித்து, நிறத்தை உத்தேசமாக வைத்துக்கொள்கிற முறை அது. விளிம்பைச் சுற்றிக் கறை படியும். சிவப்பில் இன்னும் மோசம். ரெண்டு நிறத்தில் போட்ட படம் அட்டைக்காரர் கைக்குப் போனபோது எத்தனையோ நிறமாக இருந்திருக்கிறது. அவர் தன் கம்ப்யூட்டரில் 'கொஞ்சம் சிவப்பாக இருந்தால் ஓட்டை' என்று வைத்து அடித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நாங்கள் அனுப்பியது அப்படி.

இப்போது கிரிட்டா என்கிற இலவசச் செயலியில், விளிம்பு கலக்காத ஒரு புள்ளிப் பிரஷ் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். ஃபைல், ஜேபெக் மாதிரி நிறத்தைக் கலைக்காத பிஎம்பி அல்லது பிஎன்ஜி. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் டாக்குமெண்டாக. அனுப்புகிறதற்கு முன் நிறத்தை எண்ணிப் பார்க்கிறார் மகள். ரெண்டுக்கு மேல் வந்தால் திரும்ப உட்காரவேண்டியதுதான்.

இந்த இடத்தில் விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பேனா 4096 அழுத்த நிலைகளை உணரும், 8192ஐ உணரும் என்று பெட்டி மேல் போட்டிருப்பார்கள். தண்ணீர் வண்ணம் மாதிரி வரைகிறவர்களுக்கு அது வேண்டும். அண்ணாவுக்கு வேண்டியது ரெண்டே நிலை. அழுத்தத்தை உணராத பேனாக்களும் சந்தையில் இருக்கின்றன, ஆப்பிள் 2023ல் விட்ட யுஎஸ்பி-சி பென்சில் அப்படிப்பட்டதுதான். ஓவியர்கள் அதை ஒதுக்குவார்கள், ஜக்கார்டு டிசைனருக்கு அது போதும். நாங்கள் செயலியில் அழுத்தத்தை முழுக்க அணைத்தே வைத்துவிட்டோம். அதுவரை கண்ணாடியில் பேனாவை ஊன்றி ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தவருக்கு, மணிக்கட்டு வலி அதோடு குறைந்தது.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது

உள்ளங்கை திரையில் பட்டு வேண்டாத கோடு விழுகிறது என்பது டேப்லெட்டில் வரைகிற எல்லோருக்கும் உள்ள தொல்லை. ரெண்டு விரல் மட்டும் மூடுகிற கையுறையை வாங்கச் சொல்வேன். அண்ணா வாங்கவில்லை. கட்டத்தாளில் வியர்வை பட்டு வண்ணம் கலையாமல் இருக்க, பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து மணிக்கட்டுக்கு அடியில் வைப்பது அவர் பழக்கம். அதே துணியை டேப்லெட்டில் வைத்தார். கை துணியோடு வழுக்கிப் போகிறது, திரைக்குக் கை தெரிவதில்லை. வகுப்பில் இப்போது நானும் வேட்டித் துணிதான் சிபாரிசு செய்கிறேன்.

அதேபோல, தாளில் வளைவு போடும்போது அவர் கையைத் திருப்பமாட்டார், தாளைத் திருப்புவார். டேப்லெட்டில் ரெண்டு விரலால் படத்தைத் திருப்பலாமே என்று காட்டினேன். திருப்பினால் கட்டமெல்லாம் சாய்ந்துவிடுகிறது, எண்ண முடியவில்லை என்றார். சரிதான். டேப்லெட்டையே மடிப்பலகையில் சுற்றிச் சுற்றி வரைகிறார். ஒயர் மாட்டியிருந்தால் அதைச் செய்திருக்க முடியாது. இப்போது பவர் பேங்கில் ஏற்றிவிட்டு, கழற்றி வைத்துத்தான் உட்காருகிறார்.

இன்னொன்று. மாங்காயின் வயிற்றை நான் ஒரு தட்டில் சிவப்பால் நிரப்பிக் காட்டினேன். பெருமையாகத்தான். அவர் பார்த்துவிட்டு, "இத நெய்ஞ்சா வளையல்ல மாட்டும்" என்றார். ஒரே நிறமாக நிரப்பினால் சரிகை அந்த அகலம் முழுக்கப் பிடிப்பே இல்லாமல் மிதக்கும். நகமோ வளையலோ பட்டால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் நிரப்பிய இடத்துக்குள் சில கட்டங்களுக்கு ஒன்று என்று விட்டுவிட்டு, சரிகையைப் பாவு இழை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கப் புள்ளி வைக்கவேண்டும். அந்தப் புள்ளிகளை ஒழுங்காக வைத்தால் கோடு கோடாகத் தெரியும், சிதறி வைக்கவேண்டும். எந்த இடத்தில் எப்படிச் சிதறுவது என்பதற்கு அவரிடம் விதி எதுவும் இல்லை. கேட்டால் "பாத்தா தெரியும்" என்கிறார். எனக்குத் தெரியவில்லை. அவர் வைத்த பத்து விதமான புள்ளிச் சிதறல்களைத் தனித்தனி நிரப்புகளாகச் சேமித்து வைத்திருக்கிறோம். வயிறு, வால், இலை என்று பெயர் போட்டு.

இரண்டாம் மாதிரி ஆவணிக் கடைசியில் வந்தது. 72 அட்டை. மாங்காய் மாங்காயாக இருந்தது. தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு வந்து துணியை மேசையில் விரித்தவர், வரைந்த வளைவைத் துணியில் விரலால் தடவிக்கொண்டே வந்து மூக்கில் நிறுத்தினார். "இங்க ஒரு கட்டம் கொறைச்சிருக்கலாம்" என்றார். கை நடுக்கத்தைப் பற்றி அதற்குப் பின் பேச்சே இல்லை.

இன்னும் தீராதது

புட்டா, சின்னக் கரை எல்லாம் டேப்லெட்டுக்கு வந்துவிட்டது. முந்தி வரவில்லை. முந்தியில் வருகிற மயிலுக்கு மட்டும் 480 கொக்கி. 10 அங்குலத் திரையில் கட்டம் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கினால் மயிலின் கழுத்து மட்டும்தான் தெரியும். முழு மயிலும் தெரிகிறபடி வைத்தால் கட்டம் தெரியாது. அவர் வழக்கம், கட்டத்தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது. வரைவதில் பாதி வேலை அந்தப் பத்தடி தூரத்தில்தான் நடக்கிறது. டேப்லெட்டைச் சுவரில் ஒட்ட முடியாது, ஒட்டினாலும் பத்தடியில் அது ஒரு தபால் தலை.

போன வாரம் மகள் டேப்லெட்டின் திரையை வீட்டு டிவியில் தெரிகிறபடி இணைத்துக் கொடுத்திருக்கிறார். 43 அங்குலத்தில் மயில் முழுதாக வந்தது. அண்ணா திண்ணை வரைக்கும் பின்னால் நகர்ந்து போய்ப் பார்த்து, உள்ளே வந்து ரெண்டு கட்டம் மாற்றி, மறுபடி திண்ணைக்குப் போகிறார். அண்ணியோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டிருக்கிறது. சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை சீரியல், அந்த நேரத்தில் மயில் கூடாது.